வீசிய கை

காலை பத்தே காலுக்குக் காற்று நின்றது.

அதற்காகத்தான் மேடம் எனியோனாம் காத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. கையிலிருந்த பாடப்புத்தகத்தை மூடி மேசைமேல் வைத்தார்.

"எந்திரிங்க. விமானத்த எடுத்துக்கிட்டு மைதானத்துக்கு. யாரும் ஓடக் கூடாது."

ஐந்தாம் வகுப்பு ஓடியது.

டிசம்பர் மாதம். வடக்கிலிருந்து வரும் தூசிக் காற்று ஒரு வாரமாக ஊரை விடவில்லை. எல்லோருக்கும் உதடு வெடித்திருந்தது. சூரியனை வெறுங்கண்ணால் பார்க்க முடிந்தது. காற்றில் காகித விமானம் விட்டால் தெரிவது காற்றின் குணம்தான், விமானத்தின் குணம் அல்ல என்று மேடம் இத்தனை நாளும் தடுத்து வைத்திருந்தார்.

வகுப்பில் கரும்பலகையில் கேள்வி இருந்தது. எது அதிக தூரம் போகும், குறுகிய சிறகா, அகலச் சிறகா? அதன் கீழே அடிக்கோடிட்டு: ஒன்றை மட்டும் மாற்று. மற்றதெல்லாம் ஒன்றாக இருக்கட்டும்.

மைதானத்தில் சாம்பலால் போட்ட கோட்டின் பின்னால் பிள்ளைகளை நிறுத்தினார்.

"எதெல்லாம் ஒண்ணா இருக்கு? சொல்லுங்க."

"காகிதம், மேடம்." எல்லாம் போன வருஷத்துத் தேர்வுத் தாள்கள்.

"நிக்கிற எடம், மேடம்."

"காத்து. காத்தே இல்ல, மேடம்."

"வேற?"

யாருக்கும் வேறு எதுவும் தோன்றவில்லை. மேடத்துக்கும் தோன்றவில்லை போலிருந்தது. தலையாட்டினார்.

ஜன்னல் பக்கத்து வரிசை குறுகிய சிறகு செய்திருந்தது. மடித்தவன் செலோர்ம், வகுப்புத் தலைவன். மடித்தவரே வீச வேண்டும் என்பது ஏற்பாடு. அவன் கோட்டில் வந்து நின்றான். இடக்கையை முதுகுக்குப் பின்னால் மடித்து வைத்துக்கொண்டான். பெரியவர்கள் முன்னால் வலக்கையால் எதையாவது செய்யும்போது எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். இடக்கை குறுக்கே வராது என்பதைக் காட்டும் நிலை அது. யாரும் அதற்காக யோசிப்பதில்லை. உடம்பு தானாகச் செய்துவிடும்.

அவன் விமானம் நேராகப் போனது. விழுந்த இடத்தில் ஒரு கொய்யாக் குச்சியை நட்டார்கள். மறுபடி வீசினான். ஏறக்குறைய அதே இடம்.

கதவுப் பக்கத்து வரிசையின் அகலச் சிறகை மடித்தவள் மவூசி. அவள் முறை வந்தது. அவளும் இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். வலக்கையால் வீசினாள். விமானம் எழும்பியது, ஒரு பக்கம் சாய்ந்தது, மூக்குக் குத்தி விழுந்தது. மறுபடி வீசினாள். கோட்டுக்குப் பின்னாலேயே விழுந்தது.

"வெந்த கோழி இதவிட நல்லாப் பறக்கும்," என்றான் எலிகெம். அவன் அவள் வரிசைக்காரன்தான். "மவூசின்னா 'கடவுள் கையில'ன்னுதானே அர்த்தம்? இன்னிக்கிக் கடவுளுக்குக் கை நழுவிடுச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். மவூசியும் சிரித்தாள். சிரித்தால் சீக்கிரம் முடிந்துவிடும்.

வகுப்புக்குத் திரும்பியதும் மேடம் முடிவைப் பலகையில் எழுதினார். அகலச் சிறகு தூரம் போகாது.

அடுத்த வெள்ளிக்கிழமை பெற்றோர் நாள். அன்று பலகையை வெளியே எடுத்து வைத்துக் காட்டுவார்கள். ஊர் முழுக்க வந்து அதைப் படிக்கும்.

அது பொய் என்பது மவூசிக்குத் தெரியும்.

* * *

மவூசியின் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி அரைக்கும் இயந்திரக் கொட்டகை. அதைத் தாண்டி ஒரு சாக்கடை. அப்புறம் சர்ச்சின் பின்சுவர். சாயங்காலம் இயந்திரம் நின்ற பிறகு அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. அகலச் சிறகை அவள் அங்கேதான் பழகினாள். மூக்கை எவ்வளவு மடிப்பது, சிறகை எவ்வளவு தூக்குவது எல்லாம் அங்கே கண்டுபிடித்ததுதான். அதை அம்பு மாதிரி எறியக் கூடாது. மெதுவாக, தண்ணீரில் படகை விடுகிற மாதிரி காற்றில் விட வேண்டும். விட்டால் அது சாக்கடையைத் தாண்டிப் போய்ச் சர்ச் சுவரில் மோதும்.

அங்கே அவள் இடக்கையால் வீசினாள்.

வலக்கையால் எழுதப் பழகிவிட்டாள். சாப்பிடப் பழகிவிட்டாள். ஆனால் வலக்கை எதைச் செய்தாலும் கேட்டுக் கேட்டுத்தான் செய்யும். இடக்கை கேட்பதில்லை.

யாரும் அவளை அடித்ததில்லை. அப்பா கொம்லா அடிக்கிறவர் அல்ல. அவர் ஊர்த் தலைவருடைய பேச்சாளர். தலைவர் சபையில் தாமாகப் பேச மாட்டார். தலைவர் மெதுவாகச் சொல்வதை அப்பாதான் உரக்க, அழகாக ஊருக்குச் சொல்வார். ஊர் சொல்வதைத் தலைவரிடம் சொல்வார். வீட்டிலும் அவர் குரல் உயராது. சின்ன வயதில் மவூசி இடக்கையால் தண்ணீர்க் குவளையை நீட்டினால் அவர் அதைப் பார்க்க மாட்டார். அவ்வளவுதான். திட்ட மாட்டார், திருத்த மாட்டார். குவளை அங்கே இல்லாத மாதிரி உட்கார்ந்திருப்பார். கை மாற்றினால் குவளை அவர் கண்ணில் படும். "தாகமா இருந்துச்சு, நல்லவேள கொண்டு வந்தே," என்பார்.

இடக்கையைத் தவிர்க்க முடியாத நேரம் எல்லோருக்கும் உண்டு. அம்மா அடுப்படியில் சோளமாவு கிண்டிக்கொண்டிருப்பாள். பக்கத்து வீட்டுக்காரி உப்புக் கேட்பாள். அம்மாவின் வலக்கை முழுக்க மாவு. இடக்கையால் உப்பை நீட்டி, "எடது கைங்க," என்பாள். பக்கத்து வீட்டுக்காரி வாங்கிக்கொண்டு, "கைதானே," என்பாள். அவ்வளவில் சரியாகிவிடும். தெருவில், சந்தையில், பேருந்தில் நாள் முழுக்க இது காதில் விழும். எடது கைங்க. கைதானே.

ஐந்து வயதில் மவூசிக்கு அது ஒரு திறவுகோல் மாதிரி தோன்றியது. வீட்டுக்கு வந்திருந்த ஒரு பெரியவருக்கு இடக்கையால் முக்காலியை நகர்த்தி வைத்து, "எடது கைங்க," என்றாள். பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா சிரிக்கவில்லை. அவளுடைய வலக்கையைப் பார்த்தார். அது சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

"இதுக்கு என்ன வேல இருந்துச்சு?" என்று கேட்டார், தணிந்த குரலில்.

அதற்கப்புறம் அவள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

* * *

திங்கட்கிழமை கையைத் தூக்கினாள்.

"மேடம், பலகையில இருக்கறது சரியில்ல."

வகுப்பு திரும்பிப் பார்த்தது. பலகையில் இருப்பது சரியில்லை என்று யாரும் சொல்வதில்லை.

மேடத்துக்குக் கோபம் வரவில்லை. மேசை விளிம்பில் உட்கார்ந்தார். "எப்படிச் சொல்றே?"

"வீட்டுல நல்லாப் போகுது, மேடம்."

"யார் பார்த்தாங்க?"

"யாரும் இல்ல."

"அவ வீட்டுல கோழிகூட மேகத்துல பறக்குது, மேடம்," என்றான் எலிகெம்.

"நீ சும்மா இரு. உன் வீட்டுக் கோழி உன்ன மாதிரியே படுத்துக் கெடக்கும்," என்றார் மேடம். வகுப்பு சிரித்து அடங்கியது. "மவூசி, யாரும் பார்க்காதத நான் பலகையில எழுத முடியாது. ஆனா நீ சொல்றத தூக்கிப் போடவும் முடியாது. வீட்டுல போகுது, இங்க போகலன்னா எதோ ஒண்ணு மாறியிருக்கு. என்னது?"

மவூசி தரையைப் பார்த்தாள்.

"எல்லாரும் யோசிங்க. அன்னிக்கு எத நாம ஒண்ணா வைக்கல?"

செலோர்ம் எழுந்தான். "வீசின ஆளு, மேடம். என்னோடத நான் வீசினேன். அவளோடத அவ வீசினா. அப்ப ரெண்டு விஷயம் மாறிடுச்சு. சிறகும் மாறுச்சு, ஆளும் மாறிட்டாங்க."

மேடம் அவனையே பார்த்தார். பிறகு பலகைக்குப் போய், முடிவுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். "தப்பு என்னோடது. மடிச்சவரே வீசணும்னு சொன்னது நான்தானே. இந்தத் தடவ ஒரே ஆளு ரெண்டையும் வீசட்டும்."

அன்று மத்தியானம் காற்று இல்லாத ஒரு நேரம் பார்த்து வெளியே போனார்கள். செலோர்ம் இரண்டையும் வீசினான். குறுகியது பழைய குச்சியைத் தொட்டது. அகலமானது நிமிர்ந்து மேலே போய், தலைகீழாகத் திரும்பி, அவன் காலடியிலேயே விழுந்தது.

"அத அப்படி எறியக் கூடாது," என்றாள் மவூசி. "மெதுவா விடணும்."

செலோர்ம் மெதுவாக விட்டான். அது செத்த இலை மாதிரி விழுந்தது.

"அவ்வளவு மெதுவா இல்ல."

"அப்ப எவ்வளவு? அளவு சொல்லு." கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான்.

அளவை வாயால் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. அது கையில் இருந்தது. மேடம் வாங்கி வீசிப் பார்த்தார். கொஞ்சம் போனது, குச்சி வரை போகவில்லை. "நீ காட்டு," என்று மவூசியிடம் நீட்டினார்.

மவூசி வலக்கையால் வாங்கினாள். இடக்கை முதுகுக்குப் பின்னால் போனது. வீசினாள். மூக்குக் குத்தி விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

* * *

வியாழக்கிழமை பலகை துடைக்கும் முறை அவளுடையது. எல்லோரும் மைதானத்தில் நாற்காலி போடப் போய்விட்டார்கள். கேள்வியையும் முடிவையும் விட்டுவிட்டு மற்றதைத் துடைக்கச் சொல்லியிருந்தார் மேடம். மவூசி மேல் வரியை எட்டித் துடைத்தாள். சுண்ணக்கட்டித் தூள் முகத்தில் கொட்டியது. கீழே வந்தாள். 'போகாது' என்ற சொல்லின் ஓரத்தில் துடைப்பான் நின்றது.

வாசலில் செருப்புச் சத்தம். அவள் துடைப்பானைச் சட்டென்று கை மாற்றினாள்.

மேடம் உள்ளே வந்தார். கைமாற்றியதைப் பார்த்திருந்தார். மேசையில் காகிதங்களை அடுக்கினார். அடுக்கியதையே மறுபடி அடுக்கினார்.

"வீட்டுல எந்தக் கையால வீசினே?"

மவூசி வலக்கையிலிருந்த துடைப்பானைப் பார்த்தாள்.

மேடம் முன்வரிசை பெஞ்சில், பிள்ளைகள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். "எதெல்லாம் ஒண்ணா இருக்குன்னு கேட்டேன். காகிதம் சொன்னீங்க, எடம் சொன்னீங்க, காத்து சொன்னீங்க. கைய ஒருத்தரும் சொல்லல. நானும் சொல்லல. கைய மாத்தலாம்னே நமக்குத் தோணாது. எல்லாருக்கும் ஒண்ணா இருக்கறது கண்ணுலயே படாது போல."

"யார்கிட்டயும் சொல்லாதீங்க, மேடம்."

"சொல்ல மாட்டேன். நாளைக்கு உன்ன வீசவும் சொல்ல மாட்டேன். உங்கப்பா முன்வரிசையில இருப்பாரு. தலைவருக்குப் பதிலா அவர்தான் வர்றாரு."

"அப்ப பலகையில?"

மேடம் எழுந்து வந்து துடைப்பானை வாங்கினார். 'தூரம் போகாது' என்பதை அழித்தார். 'எவ்வளவு தூரம் போகும் என்று தெரியவில்லை' என்று எழுதினார். இரண்டடி பின்னால் நகர்ந்து படித்துப் பார்த்தார். "இது பொய் இல்ல."

மவூசியும் படித்தாள். நெடுநேரம் படித்தாள்.

"எனக்குத் தெரியுமே, மேடம்."

"உனக்குத் தெரியறது வேற. எல்லாரும் பார்க்கறது வேற. எல்லாரும் பார்க்கற மாதிரி செஞ்சு காட்டினாத்தான் அது பலகைக்கு வரும்."

"காட்டினா?"

மேடம் துடைப்பானை ஜன்னல் கம்பியில் தட்டினார். தூள் பறந்தது. "காட்டினா உங்கப்பாவும் பார்ப்பாரு," என்றார். "அதுக்கு எங்கிட்ட வழி இல்ல, மவூசி."

* * *

வெள்ளிக்கிழமை வேப்பமரத்துக்கும் கால்பந்துக் கம்பத்துக்கும் நடுவில் பந்தல் போட்டிருந்தார்கள். அம்மாக்கள் பாத்திரங்களோடு பின்னால். அப்பாக்கள் நடுவில். மைதானத்தைப் பார்த்த முன்வரிசையில் தலைமை ஆசிரியர், பாதிரியார், அப்பா.

அப்பா பெரிய நெய்த துணியை இடது தோளில் போட்டிருந்தார். வலது தோளும் வலக்கையும் வெளியே. அந்தக் கையில் தலைவரின் கோல். அதன் உச்சியில் மரத்தில் செதுக்கிய ஒரு கை ஒரு முட்டையை ஏந்தியிருக்கும். கட்டைவிரலைப் பார்த்தால் அது வலக்கை என்று தெரியும். மவூசி சின்ன வயதிலேயே பார்த்துவிட்டாள். கோல் வெளியே வந்துவிட்டால் திரும்பிப் போகும்வரை அதைத் தரையில் கிடத்தக் கூடாது, வேறொருவர் கையில் கொடுக்கக் கூடாது. அப்பாவின் இடக்கை துணிக்குள் இருந்தது. அந்தக் கையை அவள் அதிகம் பார்த்ததில்லை.

பாட்டு முடிந்தது. உரை முடிந்தது. பலகையை இரண்டு பையன்கள் தூக்கிவந்து நாற்காலியில் சாய்த்தார்கள். செலோர்ம் கேள்வியைப் படித்தான், செய்முறையைப் படித்தான், குறுகிய சிறகை வீசிக் காட்டினான். குச்சி நட்டார்கள். கைதட்டினார்கள். அடுத்த வரியைப் படித்தான்.

"அகலச் சிறகு எவ்வளவு தூரம் போகும் என்று தெரியவில்லை."

"என்னது?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. "தெரியலங்கறதுக்கா இத்தன காகிதத்தக் கிழிச்சீங்க?"

"தெரியலன்னு கத்துக்கத்தான் பள்ளிக்கூடம். எனக்கு அங்க போகாமலே தெரியாது," என்றார் ஒரு லாரி ஓட்டுநர். பந்தல் முழுக்கச் சிரித்தது.

மேடம் சிரித்தபடி நின்றார். அவர் கழுத்து வியர்த்திருந்தது.

அப்பா கோலை லேசாகத் தரையில் ஊன்றினார். சிரிப்பு அடங்கியது. "புள்ளைங்க தெரியலன்னு சொல்றது நல்லதுதான்," என்றார். "நாங்க பெரியவங்க சபையில அத அவ்வளவு லேசாச் சொல்றதில்ல. ஆனா ஒண்ணு கேக்கறேன். உண்மையிலேயே யாருக்கும் தெரியலயா? இல்ல, தெரிஞ்சவங்க சொல்லலயா?"

செலோர்ம் மேடத்தைப் பார்த்தான். மேடம் பலகையைப் பார்த்தார்.

மவூசி வரிசையிலிருந்து வெளியே வந்தாள். மேசையிலிருந்த அகலச் சிறகை எடுத்தாள். சாம்பல் கோட்டில் போய் நின்றாள். மூக்கின் மடிப்பைச் சரிபார்த்தாள். பிறகு விமானத்தை இடக்கைக்கு மாற்றி, வலக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

பந்தலில் சத்தம் குறைந்தது. யாரோ உச்சுக் கொட்டினார்கள். பாதிரியார் தொண்டையைச் செருமினார்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். "எடது கைங்க," என்றாள்.

அப்பா அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு மேலே, மைதானத்தின் மறுபக்கக் கால்பந்துக் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அங்கே இல்லாத மாதிரி. குவளை மாதிரி.

மேடம் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். 'கைதானே' என்ற பதிலை, கேட்கப்பட்டவர்தான் சொல்ல வேண்டும்.

மவூசி காத்திருந்தாள். வேப்பிலை அசையவில்லை. எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. காகிதம், இடம், காற்று.

விட்டாள்.

அது அவசரப்படவில்லை. ஆள் உயரத்தில் போனது, கொஞ்சம் இறங்கியது, மறுபடி ஏறியது. செலோர்மின் குச்சியைத் தாண்டும்போது, பின்னால் இருந்த ஒருத்தி "அம்மாடி," என்றாள், தனக்குத் தானே. தாண்டிய பிறகும் போனது. பிறகு மெல்ல இடது பக்கம் வளைந்து, பந்தலின் நிழலுக்குள் நுழைந்து, முன்வரிசைக்கு வந்து, அப்பாவின் செருப்புக்குப் பக்கத்தில் இறங்கியது.

யாரும் கைதட்டவில்லை.

செலோர்ம்தான் முதலில் அசைந்தான். இன்னொரு கொய்யாக் குச்சியை எடுத்துக்கொண்டு ஓடினான். "யாரும் தொடாதீங்க. குச்சி நடணும்," என்றான். பேச்சாளர் முன்னால் குனிந்து, விமானத்தின் மூக்குக்கு நேராகக் குச்சியைக் குத்தினான். நிமிர்ந்து மேடத்தைப் பார்த்துத் தலையாட்டினான். அளவு எடுத்தாகிவிட்டது என்று அர்த்தம்.

மவூசி நடந்து வந்தாள். விமானத்தை எடுக்க வேண்டும். அப்பாவின் முழங்காலுக்கு முன்னால் வந்து நின்றாள். எந்தக் கையால் எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு கைகளும் பக்கத்தில் தொங்கின.

அப்பா இப்போது விமானத்தைப் பார்த்தார். குச்சியைப் பார்த்தார். அந்தப் பக்கம் தூரத்தில் இருந்த இன்னொரு குச்சியைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் இருந்த மண்ணை அவர் கண் மெதுவாகக் கடந்து வந்தது.

வலக்கையில் கோல் இருந்தது.

துணியின் மடிப்புகள் அசைந்தன. உள்ளிருந்து இடக்கை வெளியே வந்தது. அவர் குனிந்து, சிறகு கசங்காமல் விமானத்தை எடுத்து, ஊர் பார்க்க மகளிடம் நீட்டினார்.

"எடது கை, மவூசி," என்றார்.